ஏற்காடு போகும் வழி: எது எளிதாகியிருக்கிறது, எது இன்னும் பாக்கி

கேட்கப்பட்ட கேள்வி இது: "மேம்பாலம், ஈரடுக்கு பஸ் நிலையம், வந்தே பாரத், விமானம் என்று சேலத்துக்கு எவ்வளவோ வந்துவிட்டது. ஏற்காடு மாதிரியான பழைய மலையூருக்குப் போகும் பயணம் இதனால் உண்மையில் மேம்பட்டிருக்கிறதா? ரோப் கார் வந்தால் மலைப்பாதை நெரிசல் தீருமா? வயதான பெற்றோரை அழைத்துக்கொண்டு வரலாமா?"

மூன்றுக்கும் சேர்த்தே சொல்கிறேன். சேலம் வரை வந்து சேர்வது முன்பைவிட மிக எளிது. அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் ரயிலை விட்டு இறங்கிய நிமிடத்திலிருந்து மலைமேல் அறைக்குப் போய்ச் சேரும் வரை உள்ள அந்த நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில்தான் பயணம் இனிப்பதும் கசப்பதும் இருக்கிறது. அங்கே செய்ய வேண்டியவை பெரும்பாலும் சிறிய வேலைகள். சிறியவை என்பதாலேயே தள்ளிப்போகின்றன என்பது என் வருத்தம்.

ஏற்காட்டின் வரலாறு கோட்டை கொத்தளம் சார்ந்தது இல்லை. 1820களில் சேலத்தில் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காபியையும் பழ மரங்களையும் இந்த மலையில் வைத்துப் பார்த்தார். கிரேஞ்ச் எஸ்டேட் அந்தக் காலத்து மிச்சம். அதற்கெல்லாம் பல நூற்றாண்டுகள் முன்பே சேர்வராயன் குகைக்கோயிலும் அதைக் கும்பிடும் மலையாளி மக்களும் (கேரளத்தவர் இல்லை, இந்த மலையின் பழங்குடியினர்) அங்கே இருந்தார்கள். இந்தியத் தொல்பழங்கால ஆய்வுக்கு வழி திறந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் ஓய்வுக்காலத்தில் இங்கே குடியிருந்தார். 1912இல் மறைந்த அவருடைய நினைவிடம் இங்குள்ள ஹோலி டிரினிடி தேவாலய வளாகத்தில் இருக்கிறது. வண்டிச் சாலை வராத காலத்தில் துரைமார்கள் குதிரையிலும் ஆட்கள் சுமந்த டோலியிலும் ஏறினார்கள். மலைக்காரர்கள் நடந்தார்கள்.

1860களின் தொடக்கத்தில், சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போட்ட ரயில் பாதை சேலத்தைத் தொட்டது. ஸ்டேஷன் அமைந்தது ஊருக்கு மேற்கே சில கிலோமீட்டர் தள்ளிச் சூரமங்கலத்தில். இன்றைக்கும் சேலம் ஜங்ஷன் அங்கேதான் இருக்கிறது. ரயில் ஓரிடம், வெளியூர் பஸ் இன்னோரிடம், பழைய ஊரும் கோயில்களும் வேறோரிடம் என்ற இன்றைய அமைப்புக்கு அன்றே வித்து விழுந்துவிட்டது. வெளியூரிலிருந்து வருகிறவர் இன்று சேலத்தில் படும் பாட்டில் பாதிக்கு வேர் அதுதான்.

இனி வந்து சேர்வதைப் பார்ப்போம். 2007இல் சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தனி ரயில்வே கோட்டம் வந்தது. 2013இல் நாமக்கல் வழியாகக் கரூருக்குப் பாதை திறந்தது. அதுவரை ஈரோட்டைச் சுற்றிக்கொண்டுதான் கரூருக்குப் போக வேண்டியிருந்தது. 2023 ஏப்ரலில் தொடங்கிய சென்னை–கோவை வந்தே பாரத் சேலத்தில் நிற்கிறது. சென்னையிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். செலவைப் பார்க்கிறவர்களுக்கு ஏற்காடு எக்ஸ்பிரஸ் இருக்கிறது. இரவு ஏறிப் படுத்தால் விடியலுக்கு முன்பே சேலத்தில் இறக்கிவிடும். காமலாபுரம் விமான நிலையம் 1993இல் திறந்தது. சேவை தொடங்குவதும் நிற்பதுமாகவே பல ஆண்டுகள் ஓடிவிட்டன. 2018இல் சிறு நகரங்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் மறுபடி தொடங்கி, நின்று, 2023 அக்டோபரில் மீண்டும் வந்தது. தொழில் செய்கிறவர்களுக்கு அது பெரிய உதவி. ஏற்காடு வருகிற குடும்பங்களுக்கு அதனால் பெரிய மாற்றம் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் பெங்களூரு சாலையில் காரிலோ, ரயிலிலோ, பஸ்ஸிலோ வருகிறவர்கள்.

சேலத்துக்குள் நடந்த இரண்டு பெரிய வேலைகளைச் சொல்ல வேண்டும். ஐந்து ரோட்டை மையமாக வைத்துக் கட்டிய ஈரடுக்கு மேம்பாலம் ஏறத்தாழ 7.8 கிலோமீட்டர் நீளம். 2020 ஜூனில் முழுமையாகத் திறந்தார்கள். ஐந்து திசை வண்டிகளும் ஒரே சந்திப்பில் முட்டிக்கொண்டு நின்ற காலத்தைக் கண்டவர்களுக்கு அதன் அருமை தெரியும். அடுத்தது, சீர்மிகு நகரத் (ஸ்மார்ட் சிட்டி) திட்டத்தில் இடித்துக் கட்டிய பழைய பஸ் நிலையம். 2023இல் திறந்த அந்த ஈரடுக்கு நிலையத்திலிருந்து சுகவனேசுவரர் கோயிலுக்கும் கோட்டை மாரியம்மன் கோயிலுக்கும் நடந்தே போகலாம். கோட்டை அழகிரிநாதர் கோயிலும் பக்கம்தான். அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலம் சுகவனேசுவரர் கோயில். ஆனாலும் ஏற்காடு வருகிறவர்களில் எத்தனையோ பேர் அதன் பெயரைக்கூடக் கேட்காமல் ஊரைக் கடந்து போய்விடுகிறார்கள்.

கேட்டால் ஆர்வம் இல்லை என்று சொல்பவர்கள் குறைவு. கையில் பெட்டி இருக்கிறது என்பார்கள். அறை மலைமேல், பெட்டி கையில், கூடவே குழந்தை. பஸ் நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் நம்பி வைத்துவிட்டுப் போகக்கூடிய பொருள் பாதுகாப்பு அறை, சுத்தமாகக் கழுவி விடும் கழிப்பறை, குடிநீர், "ஏற்காடு பஸ் இந்த நடைமேடை, அடுத்த பஸ் இத்தனை மணிக்கு" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு பலகை: இவை ஒழுங்காக இருந்தால் அரை நாளில் பழைய சேலத்தைப் பார்த்துவிட்டு மாலையில் மலை ஏறலாம். விடியலுக்கு முன்பே ரயிலில் வந்து இறங்குகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். முதல் பஸ் வரை அவர்கள் எங்கேயாவது உட்கார்ந்தாக வேண்டும். ஜங்ஷனிலிருந்து புறப்பட்டு, வெளியூர் பஸ்கள் நிற்கும் புதிய பஸ் நிலையத்தைத் தொட்டு நேரே ஏற்காடு போகிற பஸ்கள், முக்கிய ரயில்களின் நேரத்தை ஒட்டி ஓடினால் போதும். கோடிக்கணக்கில் எதையும் கட்டாமலே பயணத்தின் மிகப்பெரிய சிக்கல் அவிழ்ந்துவிடும். மேம்பாலத்துக்கு வாதாட ஆள் உண்டு. கால அட்டவணைக்கு வாதாட ஆளே இல்லை.

மலைப்பாதைக்கு வருகிறேன். அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் சோதனைச் சாவடி. அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலம் நகரம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 280 மீட்டர். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தை இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் ஏறுகிறோம். ஏறுவது எஞ்சினுக்குச் சோதனை. உயிருக்குச் சோதனை இறங்குவதில்தான் இருக்கிறது. கணக்காகவே சொல்கிறேன்: பத்து டன் எடையுள்ள ஒரு பஸ் 1,200 மீட்டர் கீழே வரும்போது ஏறத்தாழ 33 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றலை எங்காவது இறக்கிவைத்தாக வேண்டும். முழுவதையும் பிரேக்கே தாங்க வேண்டுமென்றால் அது கொதித்துப் பிடிப்பு இழக்கும். மிதித்தால் மிதி இறங்கும், வண்டி நிற்காது. அதனால்தான் ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வார்கள். கியரைக் குறைத்து வைத்தால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டால் போதும். சமவெளியில் மட்டும் ஓட்டிப் பழகியவர்கள், அதிலும் ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள், இது தெரியாமல் பிரேக்கிலேயே காலை வைத்து இறங்குகிறார்கள். அவர்களுடைய காரிலும் கீழ் கியரில் நிறுத்தி ஓட்டும் வசதி பெரும்பாலும் உண்டு. கிளம்பும் முன் தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏறி வரும் வண்டிக்கே வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. அதற்குக் காரணம் இருக்கிறது: ஏற்றத்தில் நின்ற வண்டியை மீண்டும் நகர்த்துவது கடினம், பின்னால் உருளும் ஆபத்தும் உண்டு. பஸ் கொண்டை ஊசியில் திரும்பும்போது முழுச் சாலையையும் எடுத்துக்கொள்ளும்; ஹாரன் கேட்டால் வளைவுக்கு முன்பே நின்றுவிடுவதுதான் அறிவு. 2024 ஏப்ரல் இறுதியில் இதே பாதையில் ஒரு பஸ் வளைவிலிருந்து கீழே உருண்டு உயிர்கள் போயின. அந்தச் செய்தியின் துயரம் இந்த ஊருக்கு இன்னும் ஆறவில்லை. நவீன வசதி என்று மலைப்பாதைக்கு நான் முதலில் கேட்பது பகட்டானது எதையும் இல்லை: மோதும் வண்டியின் வேகத்தைச் சுழற்சியாக மாற்றிச் சாலைக்கே திருப்பிவிடும் உருளைத் தடுப்புகள், எதிரே வருவதைக் காட்டும் குவி ஆடிகள், மூடுபனியிலும் தெரியும் ஒளிர் பட்டைகள், இறக்கத்துக்கு முன் பிரேக் ஆறுவதற்கு ஒதுங்கி நிற்க இடம். பகட்டான திட்டங்களைவிட இவற்றுக்கு ஆகும் செலவு குறைவு, காக்கும் உயிர்கள் அதிகம்.

அடுத்தது தண்ணீர். மலைச்சாலைக்கு வண்டிகளைவிடப் பெரிய எதிரி அதுதான். சேர்வராயன் மலை சார்னோக்கைட் என்ற கடினமான பழம்பாறையால் ஆனது. பாறை கடினம்தான், அதன்மேல் காலங்காலமாகச் சிதைந்து சேர்ந்த மண் அப்படி இல்லை. நாலைந்து நாள் அடைமழையில் அந்த மண் நீரைக் குடித்துப் பாரமேறி, பாறைக்கும் மண்ணுக்கும் இடையில் பிடிப்பு விட்டுச் சரியும். சாலையை அகலப்படுத்த மலையின் அடியை வெட்டினால், மேலே இருக்கும் மண்ணுக்கு முட்டுக் கொடுத்த காலையே எடுத்துவிடுகிறோம். ஆகவே அகலமான சாலை எப்போதும் நல்ல சாலை ஆகிவிடாது. ஓரக் கால்வாயில் மண்ணும் இலையும் அடைக்காமல் இருப்பது, சிறுபாலங்களின் கண்கள் திறந்திருப்பது, தடுப்புச் சுவரில் நீர் கசியத் துளைகள் விட்டிருப்பது, சரிவில் வேர் பிடிக்கும் செடிகளை வளர்ப்பது: இவ்வளவும் பருவமழைக்கு முன் சரிபார்க்க வேண்டியவை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழை வந்தபோது மலைப்பாதையில் மண்ணும் பாறையும் சரிந்து போக்குவரத்தை நிறுத்த வேண்டியதாயிற்று.

அப்போது கைகொடுத்தது குப்பனூர்–கொட்டச்சேடு சாலை. சேலத்திலிருந்து அவ்வழியே ஏற்காடு போக 45 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். ஆத்தூர் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு அதுவே வசதி. ஏற்காட்டுக்கு இரண்டாவது கதவு அது. கோடை விழா நாட்களில் அடிவாரம் வழியாக ஏறி, குப்பனூர் வழியாக இறங்கும் ஒருவழி ஏற்பாட்டைக் காவல்துறை கையாண்டிருக்கிறது; நெரிசல் குறைய அதைவிட நல்ல யோசனையை நான் பார்க்கவில்லை. அந்தச் சாலையின் தரத்தை முதல் சாலைக்கு இணையாக உயர்த்தி, கூட்டம் மிகும் வார இறுதிகளில் ஒருவழி முறையை வழக்கமாக்கிவிட்டால், இருக்கும் மலையை வெட்டாமலே பாதை இரட்டிப்பான பலன் கிடைக்கும்.

மேலே போய்ச் சேர்ந்த பிறகு? ஒண்டிக்கடை ரவுண்டானாவில் மே மாத ஞாயிற்றுக்கிழமை நின்று பாருங்கள். ஏரி, அண்ணா பூங்கா, கடைவீதி எல்லாம் அதைச் சுற்றியே இருக்கின்றன. வந்த ஒவ்வொரு காரும் அங்கேதான் நிற்க இடம் தேடுகிறது. குளிருக்காக வந்த ஊரில் புகையைக் குடித்துக்கொண்டு காத்திருக்கிறோம். இங்கே இன்னொரு அடுக்குக் கார் நிறுத்தம் கட்டினால் இன்னும் கார்கள் வரும், அவ்வளவுதான். மலைமேல் வாகன எண்ணிக்கையைக் குறைப்பதே வழி. ஊர் நுழைவில் கார்களை நிறுத்திவிட்டு, ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், சேர்வராயன் கோயில், தாவரவியல் பூங்கா என்று வளையமாக ஓடும் சிறு பஸ்கள் வேண்டும். ஒரே டிக்கெட்டில் நாள் முழுவதும் எங்கும் ஏறி இறங்கலாம் என்றிருக்க வேண்டும். கோடை விழாவை ஒட்டி அரசுப் போக்குவரத்துக் கழகம் சுற்றிக்காட்டும் பஸ் விடுவதுண்டு. அது விழாவோடு நின்றுவிடாமல் ஆண்டு முழுவதும் வேண்டும் என்பதே என் ஆசை. மின்சார பஸ் மலைக்குப் பொருத்தமானது. ஏறும்போது மின்கலத்தைக் கரைக்கும். இறங்கும்போது மோட்டாரே மின் உற்பத்திக் கருவியாக மாறி, பிரேக்கில் வீணாகப் போகும் ஆற்றலில் ஒரு பங்கைத் திருப்பிச் சேர்க்கும். நான் மேலே போட்ட 33 யூனிட் கணக்கு இங்கே லாபக் கணக்காகிவிடும்.

பார்க்கும் இடங்களில் வேண்டியவை எளியவை. தண்ணீர் வரும் கழிப்பறை, அதுவும் பெண்களுக்கும் சக்கர நாற்காலியில் வருவோருக்கும் ஏற்றதாக. கைப்பிடி உள்ள படிகள். ஒவ்வோர் இடத்திலும் நாலு வரி வரலாறு. புரூஸ் ஃபூட் நினைவிடத்தைத் தேடி வருகிறவருக்கு வழி காட்டக்கூட ஒரு நல்ல பலகை வேண்டாமா? சேர்வராயன் மலைப் பகுதியில் கிடைத்த புதிய கற்காலக் கற்கோடரிகளை மலையாளி மக்கள் தம் கோயில்களில் வைத்துக் கும்பிட்டார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுக் கதை அது. அதைச் சொல்லாமல் "செல்ஃபி எடுக்கும் இடம்" என்று மட்டும் பலகை வைப்பது இந்த மலைக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

ரோப் கார் பற்றிக் கேட்டீர்கள். ஏற்காட்டில் ரோப் கார் என்ற பேச்சு அவ்வப்போது எழுந்து அடங்குகிறது. தமிழ்நாட்டில் பழனியிலும் சோளிங்கரிலும் அய்யர்மலையிலும் ரோப் கார் இருக்கிறது. மூன்றும் படியேறிப் போக வேண்டிய கோயில் மலைகள். அடிவாரமும் உச்சியும் அருகருகே இருப்பவை. முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அவை பெரிய வரம். ஏற்காடு அப்படிப்பட்ட ஒற்றைக் குன்று இல்லை. பார்க்கும் இடங்கள் பல கிலோமீட்டர் பரவிக் கிடக்கும் மேட்டுநிலம். ரோப் காரில் மேலே வந்த குடும்பம் அடுத்த நிமிடமே வாடகைக் காரைத் தேடும். பலத்த காற்று வீசினால் பழனியில் ரோப் காரை நிறுத்துகிறார்கள், பராமரிப்புக்காகவும் நிறுத்துகிறார்கள், இங்கும் அதே நிலைதான் வரும். மேலே பஸ் வளையத்தை முதலில் அமைத்துவிட்டு ரோப் காரைப் பற்றிப் பேசலாம். அது இல்லாமல் ரோப் கார் மட்டும் வருவது நெரிசலைத் தீர்க்காது என்றே கருதுகிறேன்.

இன்னொன்று. இதை எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை. இந்தச் சாலை சுற்றுலாப் பயணிகளுக்கு மட்டும் உரியதாக ஒருநாளும் இருந்ததில்லை. மலைக் கிராமத்துப் பிள்ளைகள் கல்லூரிக்கு இறங்குவது இதில்தான். காபியும் மிளகும் சந்தைக்கு வருவது இதில்தான். பிரசவ வலி கண்ட பெண்ணை ஏற்காடு மருத்துவமனையிலிருந்து சேலம் அரசு மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸில் கொண்டுவருவதும் இதில்தான். ஞாயிறு மாலை வளைவுக்கு வளைவு கார்கள் ஊர்ந்துகொண்டிருக்கையில் பின்னால் சைரன் கேட்டால், ஒதுங்க இடமில்லாமல் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாகிறது. எனவே ஒதுங்கு இடங்களும், வார இறுதி வாகனக் கட்டுப்பாடும், மலைக் கிராமங்களுக்கு நேரத்துக்கு வரும் பஸ்ஸும் முதல் வரிசையில் நிற்க வேண்டும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் இ-பாஸ் முறை வந்தது. ஏற்காட்டிலும் கூட்டம் மிகும் நாட்களுக்காவது எத்தனை வண்டி தாங்கும் என்று கணக்கெடுத்து முடிவு செய்யும் காலம் வந்துவிட்டது. மலைவாழ் மக்களுக்கு அதில் தடையே இருக்கக் கூடாது.

பெற்றோரை அழைத்து வரலாமா என்றால், தாராளமாக வாருங்கள். சனி, ஞாயிறையும் மே மாதக் கோடை விழா நாட்களையும் மட்டும் தவிர்த்துவிடுங்கள். காலை ரயிலில் வந்தால் வெயில் ஏறும் முன் மலை ஏறிவிடலாம். வளைவுகளில் தலை சுற்றும் என்பவர்களை முன் இருக்கையில் உட்காரவையுங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏற வேண்டாம். ஏரிப் படகுத் துறையும் அண்ணா பூங்காவும் முதியவர்கள் நடக்கக்கூடியவை. லேடீஸ் சீட்டில் காரை விட்டு இறங்கினால் சற்று நடந்தாலே சேலம் நகரம் முழுதும் தெரியும். வானம் தெளிந்திருந்தால் மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பும் தெரியும். சேர்வராயன் கோயில் அருகே வரை வண்டி போகும், ஆனால் குகைக்குள் குனிந்துதான் நுழைய வேண்டும். முதுகுவலி உள்ளவர்கள் வாசலில் நின்றே கும்பிடலாம். கிளியூர் அருவிக்கு இறங்கும் வழி செங்குத்தானது, மழைக்காலம் தவிர நீரும் குறைவு. பெற்றோரை அங்கே கூட்டிப்போக வேண்டாம். இறங்கும் நாளில் இருட்டும் முன் அடிவாரத்தைத் தொட்டுவிடும்படி கிளம்புங்கள். மழை நாளாக இருந்தால் எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று விடுதியில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.